கச்சா நோட்டு

நவம்பர் 4, திங்கள்

காலையில் மோட்டார் உர்ர் என்கிறதே தவிர, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக்குக்கு மூன்று போன். மூன்று தடவையும் "தோ வந்துட்டேன் சார்" என்கிறான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூடக் குளிக்காமல் டியூட்டிக்குப் போனதில்லை, இன்று போனேன். வீட்டுக்காரி கோமளா என் சட்டையில் சென்ட் அடித்துவிட்டாள். நாள் பூரா எரிச்சல்.

கிளினிக்கில் திங்கட்கிழமைக் கூட்டம். முன்னாள் படைவீரர்கள், வீட்டுக்காரம்மாக்கள் என்று நூற்றைம்பது பேர். என்னுடையது கடைசி மேஜை. "நிபுணர் பார்க்க வேண்டும்" என்று டாக்டர் சீட்டு எழுதினால் அதற்குத் தேதி கொடுப்பவன் நான். சுபேதார் தணிகாசலம், ஓய்வு. வருஷா வருஷம் புதுப்பிக்கிற காண்ட்ராக்ட் வேலைதான். ஆனால் இந்த மேஜையைத் தாண்டாமல் ஒருத்தனும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

ஏகாம்பரம் வந்திருந்தான், பெண்டாட்டி பூங்காவனத்தோடு. அவனும் நானும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அவனைப் பீரங்கிக்கு அனுப்பினார்கள், என்னை டைப்ரைட்டருக்கு. அவன் எனக்குக் கீழ் ரேங்கில், ஹவில்தாராக வெளியே வந்தான். நாலு பேர் முன்னால் என்னை, சுபேதாரைப் பட்டாளத்தில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி, "சாப்" என்பான், தனியாக இருந்தால் "டேய் தணிகா". ஒரு மாதமாகச் சோறு நெஞ்சில் நிற்கிறதாம், தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியிருக்கிறதாம்.

"டாக்டர்கிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. 'ஃபிட் சார்'னுதான் மொதல்ல வாயில வந்துச்சு. பூங்காவனம் இடிச்சா. அப்புறம் சொன்னேன்."

எங்களுக்கு அப்படித்தான் வரும். வலிக்கிறது என்று சொன்னவனைத் தகுதி குறைத்து ஓரங்கட்டிவிடுவார்கள், புரமோஷன் போய்விடும். வலித்தாலும் ஃபிட் என்றே சொல்லிப் பழகிய வாய்.

வயிற்று டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறவர். மாதத்தில் முதல் வியாழன், மூன்றாம் வியாழன், ஒரு தடவைக்கு எட்டுப் பேர். ஏகாம்பரம் பெயரைக் கச்சா நோட்டில் பதினாலாவதாகப் பென்சிலில் எழுதினேன். இருபத்தொன்றாம் தேதி ஆகிவிடும். பூங்காவனம் ஏதோ கேட்டாள். தைரியம் சொல்லி அனுப்பினேன்.

கச்சா நோட்டு என்பது எங்கள் கிளினிக் தலைவர் கர்னல் பத்ரிநாத் சாரின் ஏற்பாடு. ரெஜிஸ்டரில் பெயர் ஏறினால் பதினைந்து நாளில் நிபுணர் பார்த்தாக வேண்டும் என்பது விதி. பார்க்க முடியாவிட்டால் வெளி ஆஸ்பத்திரிக்கு நாங்களே கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும், ஏன் தாமதம் என்று மேலிடத்துக்கு விளக்கமும் எழுத வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி? அதனால் பெயர் முதலில் பென்சிலில். டாக்டர் பார்த்து முடித்த பிறகுதான் பக்கா ரெஜிஸ்டரில் மை. 'வந்த தேதி' என்ற கட்டத்தில் இரண்டு நாள் முந்திய தேதி. காகிதத்தில் ஒருத்தரும் இரண்டு நாளுக்கு மேல் காத்திருப்பதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

நவம்பர் 7, வியாழன்

மோட்டாரில் காயில் போயிருந்ததாம். இப்போது ஓடுகிறது. வயிற்று டாக்டர் எட்டுப் பேரைப் பார்த்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

வியாழக்கிழமைப் பட்டியல் போட்டேன். ஒன்பதிலிருந்து பதினாறு வரை. பேனாவை மூடும்போது கர்னல் சார் கூப்பிட்டார். கப்பற்படை கமாண்டர் ஒருவரின் அம்மாவுக்கு வயிற்றெரிச்சலாம், சேர்த்துவிடுங்கள் என்றார். எட்டை ஒன்பதாக்க டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். யாரையாவது எடுக்க வேண்டும்.

எட்டுப் பேரையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்தேன். ஒருத்தன் சண்டைக்கு வருவான், ஒருத்தன் மனு போடுவான், ஒருத்தியின் மகன் வக்கீல். ஏகாம்பரத்தை எடுத்தேன். நம்ம ஆள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டான். போன் போட்டுச் சொன்னேன்.

"அதுக்கென்ன சாப், வயசானவங்க, பாக்கட்டும்" என்றான்.

நல்ல மனசு.

நவம்பர் 30, சனி

மாத அறிக்கை அனுப்பியாயிற்று. சராசரி காத்திருப்பு இரண்டு நாள். கர்னல் சார் என் தோளில் தட்டி, "உங்களை மாதிரி ஆபீஸ் தெரிஞ்சவங்க இருந்தா எனக்கு என்ன கவலை" என்றார். வீட்டுக்கு வந்து கோமளாவிடம் சொன்னேன். மளிகைச் சாமான் லிஸ்டை நீட்டினாள்.

டிசம்பர் 4, புதன்

நாளைக்கான பட்டியலில் ஏகாம்பரம் முதல் பெயர். மத்தியானம் விமானப்படை ஆள் ஒருத்தர் என் மேஜையை ஓங்கித் தட்டி, தேதி கொடுக்காவிட்டால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவேன் என்றார். உட்காருகிற ஜாதிதான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கொடுத்தேன்.

ஏகாம்பரத்துக்கு மறுபடி போன். "சரி சாப்" என்றான். கொஞ்சம் இருமினான்.

கோமளா இட்லி மாவு கரைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஊர்ல இத்தனை பேர் இருக்க, ஒவ்வொரு தடவையும் உங்க சிநேகிதர்தான் கெடைக்கிறாரா?" என்றாள். ஆபீஸ் விஷயத்தில் தலையிடாதே என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

வயிற்று டாக்டர் வரவில்லை, லீவு. ஏகாம்பரம் ரெண்டு பஸ் மாறி வந்து ஒரு மணி வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். இதில் என் தப்பு எதுவும் இல்லை. எழுதியே வைக்கிறேன், என் தப்பு இல்லை.

ஜனவரி 1, புதன்

ஏகாம்பரமும் பூங்காவனமும் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. கோமளா சேமியா பாயசம் வைத்திருந்தாள். அவனுக்குச் சேமியா இறங்காது என்று வடிகட்டி வெறும் பாலாகக் கொடுத்தாள். அரை டம்ளரை அரை மணி நேரம் குடித்தான். சட்டைக் காலருக்குள் நாலு விரல் போகும், அவ்வளவு இளைத்திருக்கிறான்.

தேதியைப் பற்றி அவன் கேட்கவில்லை. பூங்காவனம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே சொன்னேன், நாளைக்கு முதல் டோக்கன் உனக்குத்தான் என்று.

ஜனவரி 2, வியாழன்

முதல் டோக்கன் கொடுத்தேன். கொடுக்காமல் இல்லை. மூத்திரப் பை தொங்க ஒரு கிழவர் வந்தார். ஏகாம்பரம் எழுந்து, "நீங்க போங்க ஐயா" என்று இடம் விட்டான். அடுத்து ஒரு அம்மா, வலியில் முனகினாள். அவளுக்கும் விட்டான், அதற்குப் பின் வந்தவர்களுக்கும் விட்டான். ஆறாவது ஆள் முடிந்ததும் ரயிலுக்கு நேரமாச்சு என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

நான் என் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய் அவன் கையைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கலாம். வரிசை சத்தமில்லாமல் போகிறது என்று இருந்துவிட்டேன். ஆறு பேர் பெயரையும் மையில் ஏற்றினேன்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் லீவு. டாக்டர் கிடையாது.

ஜனவரி 26, ஞாயிறு

கிளினிக்கில் கொடியேற்றம். மேலிடத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்திருக்கிறது, நிலுவையே இல்லாத கிளினிக் என்று. கர்னல் சார் வாசித்தார், போட்டோ எடுத்தோம். ஏகாம்பரம் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நின்றான். கோட் அவன்மேல் தொங்கியது. லட்டு கொடுத்தார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

பூங்காவனம் வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று பார்த்துவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி டாக்டர் கத்தினார். "மூணு மாசம் எங்கய்யா இருந்தீங்க? தண்ணி எறங்காம போற வரைக்கும் வீட்ல உக்காந்துருந்தீங்களா?" ஏகாம்பரம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் குரல் இப்போது வெளியே வருவதில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம்.

மையில் ஏற்றினேன். வந்த தேதி பிப்ரவரி 4, பார்த்த தேதி பிப்ரவரி 6. கை எழுதிவிட்டது. கடைசிப் பெயர் வரை எழுதினேன்.

பிப்ரவரி 12, புதன்

உணவுக்குழாயில் புற்று. ஆபரேஷன் பண்ணுகிற கட்டம் தாண்டிவிட்டதாம். வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகக் கஞ்சி ஊற்ற. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று நான் சாப்பிடவில்லை. கோமளாவும் சாப்பிடு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பூங்காவனம் மேலிடத்துக்கு மனு போட்டிருக்கிறாள். யாரிடமும் எழுதி வாங்கவில்லை, தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். நவம்பர் நாலாம் தேதி வந்தோம், மூன்று மாதம் அலைக்கழித்தார்கள் என்று. நகல் கர்னல் சாருக்கு வந்தது. என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெஜிஸ்டர்ல என்ன இருக்கு?"

"பிப்ரவரி நாலு சார்."

"அப்ப அதுதான். வேற எந்தப் பேப்பரும் இந்த ஆபீஸ்ல இருக்கக்கூடாது. புரியுதா சாப்?"

புரிந்தது. நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்து வந்தேன். போடவில்லை. பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் டாக்டர், மேஜர் ரேணுகா. அதட்டல் கிடையாது. அதுதான் பயமாக இருந்தது. என்னிடம் ரெஜிஸ்டரை மட்டும் வாங்கினார். இதைத் தவிர வேறு நோட்டு உண்டா என்று கேட்டார். இல்லை மேடம் என்றேன்.

பிறகு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனோம். அவர், கர்னல் சார், நான். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான். மேஜர் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பேச முடியாததால் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, ரெஜிஸ்டரில் பிப்ரவரி 4 என்று இருக்கிறது, நிஜமாக முதலில் கிளினிக்குக்கு வந்தது எந்தத் தேதி என்று கேட்டார்.

அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நாற்பது வருஷமாக அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பிறகு குனிந்து எழுதினான். 'பிப்ரவரி 4. அதுக்கு முன்னாடி வரலை. நான்தான் லேட். சுபேதார் சாப் எல்லா உதவியும் செஞ்சார்.'

என் காண்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது என்று அவனுக்குத் தெரியும்.

பூங்காவனம் அந்தப் பேப்பரை எட்டிப் படித்தாள். உள்ளே போய்விட்டாள். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. "நோயாளி தாமதமாக வந்ததே காரணம். கிளினிக் தரப்பில் குறை இல்லை."

மார்ச் 1, சனி

பூங்காவனம் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். மொத நாள் உங்ககிட்ட கேட்டனே, வெளியில எங்கனா காட்டட்டுமான்னு. ஞாபகம் இருக்கா?"

கோமளா என்னைப் பார்த்தாள்.

"'எதுக்கும்மா வெளியில? நான் எதுக்கு இந்த மேஜையில உக்காந்துருக்கேன்? நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. அதுக்கப்புறம் பத்து தடவை நான் கெளம்புங்கன்னேன். எம் புள்ளையும் கூப்புட்டான். தணிகா வாக்கு குடுத்துருக்கான், அவன மீறிப் போனா அவனுக்கு அவமானம்னு அந்த மனுஷன் அசையல. இப்ப அவருதான் லேட்டா வந்தாருன்னு எழுதிட்டாங்க. சாவப்போறவன் தலையில பழியப் போட்டுட்டீங்களே அண்ணா."

அழவில்லை. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நவம்பர் 4 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'ஏதோ கேட்டாள்' என்று எழுதியிருக்கிறேன். என் டைரியிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன். இதை என்னைத் தவிர வேறு யார் படிக்கப் போகிறார்கள்? யாருக்காகப் பொய் எழுதினேனோ.

மார்ச் 3, திங்கள்

நோட்டை மேஜர் ரேணுகாவிடம் நேரில் போய்க் கொடுத்தேன். கூடவே நாலு பக்க வாக்குமூலம். ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்தார். "அன்னைக்கு ஏன் இல்லைன்னு சொன்னீங்க?" என்றார்.

கர்னல் சாரை வரவழைத்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் நோட்டைக் கையில் வாங்கி, முதல் தடவை பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது அவரோட சொந்த நோட்டு மேடம். இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. எல்லாம் அவர் கையெழுத்துதானே? நான் எழுத்துல ஏதாவது உத்தரவு போட்டிருக்கேனா, கேளுங்க."

போடவில்லை. எல்லாம் வாய் உத்தரவு. அதிகாரி சொன்னால் செய்வோம், எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஏழு வருஷம் அந்த ஆளுக்குக் கீழே வேலை செய்தேன். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தேன். ஒரு நிமிஷத்தில் கை கழுவிவிட்டார்.

மார்ச் 5, புதன்

மார்ச் 31-க்குப் பிறகு என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்று கடிதம். கர்னல் மேல் தனி விசாரணை நடக்குமாம். நடக்கும்போது பார்ப்போம்.

ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன். கர்னல் எனக்குப் பண்ணிய துரோகத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். நட்டாற்றில் விட்டுவிட்டார் என்றேன், நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தார் என்றேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பூங்காவனம் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கொஞ்சமாக, ரெண்டாவது முறை வடிகட்டி.

"அந்தக் கர்னல்கிட்ட இவரு ஒரு நாளும் போய் நின்னதில்லண்ணா" என்றாள், குழாயிலிருந்து கண் எடுக்காமல். "இவரு நம்புனது உங்களத்தான்."

ஏகாம்பரம் கையைத் தூக்கி அவளைத் தடுக்கப் பார்த்தான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஒன்றை எழுதிவிட வேண்டும். கச்சா நோட்டு கர்னலின் ஏற்பாடு இல்லை. மேலிடத்துக்கு விளக்கம் எழுதி எழுதி அவர் நொந்துபோயிருந்த சமயம், நான்தான் அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். "யூனிட்ல லீவு மனு நிலுவை ஆகாம இருக்க நாங்க இப்படித்தான் சார் பண்ணுவோம்" என்று. அவர் சிரித்து, "பலே" என்றார். அன்று சாயங்காலம் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மேஜரிடம் கொடுத்த நாலு பக்கத்தில் இது இல்லை. இன்று ஐந்தாவது பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "தெரியும். கர்னல் நேத்து சொன்னார்" என்றார்.

மார்ச் 10, திங்கள்

மேஜர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். கச்சா நோட்டில் பென்சிலில் நின்றுபோன பெயர்கள், மையில் ஏறாதவை, நாற்பத்துமூன்று. வயிறு, இதயம், எலும்பு, கண் எல்லாம் சேர்த்து. ஒவ்வொருத்தருக்கும் போன் செய்து இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுப் பெயருக்கு எதிரே எழுத வேண்டும். "உங்க பென்சில் எழுத்து எங்க யாருக்கும் படிக்க வரல. நீங்கதான் செய்யணும்" என்றார். எல்லாருக்கும் இந்த வாரமே வெளி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகும் என்றும் சொன்னார். என் மேஜையிலேயே உட்கார்ந்தேன். பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் நம்பர், ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது, சொந்தச் செலவில் கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டாராம், திட்டினார், கேட்டுக்கொண்டேன். மூன்றாவது, ஒரு பெண் எடுத்தாள். "அப்பா தை மாசம் தவறிட்டாரு சார்." எழுதினேன். நான்காவது நன்றாக இருக்கிறார். ஐந்தாவது நம்பரில் ஒரு சின்னக் குழந்தை எடுத்து, தாத்தா தூங்குறாரு என்று வைத்துவிட்டது. மறுபடி போட்டு உறுதி செய்துகொண்டேன். நிஜமாகவே தூங்குகிறார்.

பதினொன்றாவது பெயர் வேதகிரி, பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்தவர். இதய டாக்டருக்காக, செப்டம்பர் 9. ஆளின் முகம்கூட எனக்கு நினைவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"கிளினிக்ல இருந்து பேசறேன்" என்றேன். மேலே சொல்லவிடவில்லை.

"ஜெய் ஹிந்த் சாப்" என்றார். மூச்சு வாங்கியது. "தெரியும் சாப், நீங்க கூப்புடுவீங்கன்னு. எம் பொண்ணு டெய்லி சண்ட போடறா, வெளியில போலாம் வாப்பான்னு. நான்தான் சொல்லிட்டேன். சாப் என் பேர எழுதிக்கினாரு, என் கண்ணு முன்னால எழுதினாரு, நம்ம ஆளுங்க ஏமாத்த மாட்டாங்கன்னு." போனை லேசாக விலக்கி, உள்ளே யாரையோ கூப்பிட்டு, "வந்துடுச்சு பாத்தியா" என்றார். பிறகு என்னிடம், "என்னைக்கு சாப் வரணும்?" என்றார்.